மாலை போடாத கார்த்திகை

நீங்கள் கேட்டதை முதலில் திருப்பிச் சொல்லிவிடுகிறேன், சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வயது 28, ஊர் மதுரை, செல்லூர்ப் பக்கம். பள்ளிக்கூட நாளிலிருந்து நெருக்கமாக ஒரே ஒரு நண்பர். ஏழு வருஷம், கார்த்திகை பிறந்தால் இரண்டு பேரும் ஒன்றாக மாலை போட்டுச் சபரிமலைக்குப் போயிருக்கிறீர்கள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் உங்களுக்கு நம்பிக்கை விட்டுப்போனது, மாலை போடுவதை நிறுத்திவிட்டீர்கள். சண்டை எதுவும் கிடையாது, ஆனால் அவரிடமிருந்து போன் வருவது கொஞ்சம் கொஞ்சமாக நின்றுவிட்டது. போன மாதம் இணையத்தில் ஒரு ஆளுமைத் தேர்வு எழுதினீர்கள், இன்ட்ரோவெர்ட், அதாவது ஒதுங்கிய சுபாவம் என்று நாலு ஆங்கில எழுத்தில் முடிவு வந்தது. "என் சுபாவமே நட்புக்கு லாயக்கில்லாததா, இதை மாற்ற வழி உண்டா?" என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வி சுபாவத்தைப் பற்றியதுபோல இருந்தாலும், படித்தவுடன் என் காதில் விழுந்தது "அவன் போனது என்னாலதானா?" என்பதுதான். அதற்கு எனக்குத் தெரிந்தவரை பதில் எழுதுகிறேன்.

மனநல சமூகப்பணி படித்துவிட்டு, இதே ஊரில் 20 வருஷத்துக்கு மேல் ஆலோசகராக உட்கார்ந்திருக்கிறவன் நான். டாக்டர் இல்லை, மருந்து எழுத மாட்டேன். பத்து வரியை வைத்துக்கொண்டு ஒரு ஆளை இன்னார் என்று சொல்கிற வித்தையும் என்னிடம் கிடையாது. உங்கள் நண்பர் தரப்பை நான் கேட்கவுமில்லை. இந்த மூன்றையும் மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

அந்தத் தேர்வை முதலில் ஓரமாக வைத்துவிடலாம். அதன் வேர் கார்ல் யுங் என்ற மனநல மருத்துவர் 1921இல் எழுதிய நூல் ஒன்றில் இருக்கிறது. அவர் பிரித்த வகைகளை எடுத்துக்கொண்டு, அமெரிக்காவில் கேத்தரின் பிரிக்ஸ் என்ற அம்மாவும் இசபெல் மையர்ஸ் என்ற மகளும் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஒரு கேள்வித்தாளை உருவாக்கினார்கள். இரண்டு பேருமே உளவியலை முறையாகப் படித்தவர்கள் இல்லை. அதற்காக அதை மட்டம் தட்ட வரவில்லை, அதன் குறை வேறு இடத்தில் இருக்கிறது. கலகலப்பு, ஒதுக்கம் என்பதெல்லாம் ஆள் உயரம் மாதிரி. முக்கால்வாசிப் பேர் நடுவாந்திரமாகத்தான் இருப்பார்கள். இந்த வகைத் தேர்வு சரியாக நடுவில் ஒரு கோடு கிழித்து, அதற்கு ஒரு அங்குலம் கீழே நிற்பவரைக் குட்டை என்றும் ஒரு அங்குலம் மேலே நிற்பவரை நெட்டை என்றும் முத்திரை குத்திவிடுகிறது. கோட்டுக்குப் பக்கத்தில் நிற்கிறவர் சில வாரம் கழித்து மறுபடி எழுதினால் எழுத்து மாறிப்போவது இதனால்தான்.

"அப்படியே என்னைப் பார்த்து எழுதின மாதிரி இருந்தது" என்கிறீர்களே, அதற்கும் ஒரு பழைய கதை உண்டு. 1948இல் பெர்ட்ரம் ஃபோரர் என்ற உளவியல் ஆசிரியர் தன் வகுப்பில் 39 மாணவர்களுக்குத் தேர்வு வைத்து, ஒரு வாரம் கழித்து ஆளுக்கொரு குணக்குறிப்பு கொடுத்தார். உங்களுக்கு எவ்வளவு பொருந்துகிறது என்று 5க்கு மார்க் போடச் சொன்னார். சராசரி 4ஐத் தாண்டியது. அப்புறம்தான் குட்டு உடைந்தது, எல்லோர் கையிலும் இருந்தது ஒரே குறிப்பு. பெரும்பகுதி கடைத்தெரு ஜோசியப் புத்தகத்திலிருந்து எடுத்தது. பயிற்சி வகுப்புகளில் நானும் இதைச் செய்து பார்த்திருக்கிறேன். "வெளியில் தைரியமாகத் தெரிந்தாலும் உள்ளுக்குள் கலங்குகிறவர்" என்ற ஒரு வரிக்கே பாதி வகுப்பு தலையாட்டும். கிளி ஜோசியக்காரருக்கு இது பட்டப்படிப்பு இல்லாமலே தெரியும்.

அப்படியானால் சுபாவம் என்று ஒன்றே இல்லையா என்றால், இருக்கிறது. ஆராய்ச்சியாளர்கள் இன்றைக்குப் பெரும்பாலும் ஐந்து அளவுகோல்களை வைத்து அதை அளக்கிறார்கள், கலகலப்பு அவற்றில் ஒன்று. இரட்டைப் பிள்ளைகளை வைத்து நடந்த ஆய்வுகளின்படி, ஆளுக்கு ஆள் இருக்கும் வித்தியாசத்தில் ஏறக்குறையப் பாதி பிறப்போடு வந்தது. வளர்ந்த பிறகும் மாறும், ஆனால் மெதுவாக. இருபதுக்கும் நாற்பதுக்கும் நடுவில் பலருக்குப் பொறுப்பும் நிதானமும் கூடுகின்றன. இவையெல்லாம் ஓரளவு உறுதியாகச் சொல்லக்கூடியவை. ஒதுங்கிய சுபாவம் என்பது கூட்டத்தில் எத்தனை மணி நேரம் தாங்குவீர்கள் என்பதைச் சொல்லும். ஒரு ஆளோடு எத்தனை வருஷம் தாங்குவீர்கள் என்பதை அது சொல்லாது. என்னிடம் வந்த அமைதியானவர்கள் பலருக்கு நண்பர்கள் குறைவாகவும், இருப்பவர்கள் பழையவர்களாகவும் இருந்தார்கள். இது என் அனுபவம்தான், ஆய்வு முடிவு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனாலும் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரே ஆளோடு ஒட்டி இருந்தவர், நான் நட்புக்கு லாயக்கில்லையோ என்று கேட்டால் கணக்கு உதைக்கிறதா இல்லையா?

இப்போது மாலைக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் நான் நின்று யோசித்த இடம் அதுதான். ஒரு சீசனில் நீங்கள் இரண்டு பேரும் எவ்வளவு நேரம் சேர்ந்து இருந்திருப்பீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். விடியுமுன் பச்சைத்தண்ணியில் குளித்துவிட்டுக் கோயிலில் சந்திப்பது. வேலை முடிந்து வந்தால் சாயங்காலம் யாராவது ஒரு சாமி வீட்டில் பஜனை, அது முடிந்து தொன்னையில் சுண்டல், அப்புறம் தெருமுனையில் நின்று அரை மணி நேரப் பேச்சு. குருசாமி வீட்டில் இருமுடிக் கட்டு. வேனில் ராத்திரி முழுக்கத் தேனி, கம்பம், குமுளி. பம்பையிலிருந்து ஏற்றம், மேலே வரிசையில் கால் கடுக்க நிற்பது, ஒருத்தர் தோளில் ஒருத்தர் சாய்ந்து தூங்குவது. நாளுக்கு இரண்டு மணி நேரம் என்று வைத்தாலே 41 நாளைக்கு 82 மணி நேரம். மலைக்குப் போய்வரும் இரண்டு மூன்று நாளையும் சேர்த்தால் வருஷத்துக்கு நூறைத் தாண்டும். யாரும் திட்டம் போடாமல், காலண்டர் கிழிகிற மாதிரி தானாக வந்துகொண்டிருந்த நூறு மணி நேரம்.

கான்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால் 2018இல் இதை ஒரு கணக்காகவே போட்டுப் பார்த்தார். அறிமுகமான ஒருவர் சும்மா பழகும் நண்பராக 50 மணி நேரம், நண்பர் என்று சொல்லிக்கொள்ள 90, நெருங்கிய நண்பராக 200க்கும் மேல் என்று அவருக்குக் கிடைத்தது. அமெரிக்கர்கள் தங்கள் நினைவிலிருந்து சொன்ன மணிக்கணக்கு அது. அந்த எண்களை அப்படியே தூக்கி வைகைக்கரையில் வைக்க முடியாது. சேர்ந்திருந்த நேரத்தால்தான் நெருக்கம் வந்ததா, நெருக்கம் வந்ததால் சேர்ந்திருந்தார்களா என்பதும் அதில் முழுசாகத் தெளியவில்லை. ஆனால் நட்பு மணிக்கணக்கில் ஓடுகிறது என்பதை என் அறைக்கு வந்தவர்களிடம் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். வேலையில் ஷிப்ட் மாறியது, கல்யாணமாகிக் குடித்தனம் வேறு ஏரியாவுக்குப் போனது, டீக்கடையை இடித்துவிட்டார்கள், இப்படித்தான் பெரும்பாலான நட்பு ஆறியிருக்கிறது. சாமி இல்லை என்று ஒருத்தர் முடிவெடுத்ததால் முறிந்தவை என் கணக்கில் மிகக் கொஞ்சம்.

நம்ம ஊர் ஆம்பளைகளுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. "உன்ன பாக்கணும் போல இருந்துச்சு" என்று சொல்லிக்கொண்டு ஒருத்தர் வீட்டுக்கு ஒருத்தர் போக மாட்டோம். போவதற்கு ஒரு சாக்கு வேண்டும். பைக் ரிப்பேர், மொய் எழுதப் போவது, கோயில் வரி பிரிப்பது, குலதெய்வத்துக்குக் கிடா வெட்டு. உங்களுக்கு அந்தச் சாக்கு மாலை. மாலையை விட்டீர்கள், அதோடு நூறு மணி நேரமும் போனது. அந்த இடத்தில் வேறு எதையும் வைக்க நீங்களும் யோசிக்கவில்லை, அவரும் யோசிக்கவில்லை. நேரில் பார்க்காமலே நட்பு நிற்கும் என்பதற்குப் பிசிராந்தையாரைச் சாட்சிக்கு அழைப்பார்கள். நம் பாண்டிய நாட்டுப் புலவர்தான். ஆனால் அவருமே, கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்தபோது கிளம்பிப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தவர் என்பதை அழைப்பவர்கள் மறந்துவிடுவார்கள்.

நம்பிக்கை பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சாமி கும்பிடுவதா வேண்டாமா என்று சொல்வது என் வேலை இல்லை, நீங்கள் கேட்கவும் இல்லை. ஆனால் நீங்கள் எழுதியிருந்த ஒரு வாக்கியம் உறுத்தியது. அந்தக் கார்த்திகையில் அவர் கூப்பிட்டபோது "எனக்கு நம்பிக்கை இல்லடா, நீ போய்ட்டு வா" என்று சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். தமிழில் இந்தச் சொல் மூன்று வேலை செய்கிறது. சாமியை நம்புவதும் நம்பிக்கை, சேக்காளியை நம்பிக் கடன் கொடுப்பதும் நம்பிக்கை, தன் மேலேயே இருப்பது தன்னம்பிக்கை. நீங்கள் முதலாவதைச் சொன்னீர்கள். ஏழு வருஷம் உங்கள் இருமுடியைத் தூக்கித் தலையில் வைத்தவர் காதில் எது விழுந்தது என்று யாருக்குத் தெரியும்? "இத்தன வருஷம் என்கூட வந்ததெல்லாம் சும்மாதானா" என்றுகூட விழுந்திருக்கலாம். நான் ஊகிப்பதுதான் இது. அவரிடம் கேட்டால்தான் நிச்சயமாகும்.

1967இல் கார்டன் ஆல்போர்ட்டும் மைக்கேல் ராஸும் மதப்பற்றை இரண்டாகப் பிரித்துப் பார்த்தார்கள். சிலருக்குப் பக்தியே வாழ்க்கையின் நோக்கம். சிலருக்கு அதன் வழியாகக் கிடைக்கும் துணையும் ஆறுதலும் நாலு பேர் பழக்கமும் முக்கியம். அந்த அளவுகோல் அமெரிக்காவில் சர்ச்சுக்குப் போகிறவர்களை வைத்துச் செய்தது. அதில் இரண்டாவது வகை கொஞ்சம் மட்டமானது என்ற வாசனை அடிக்கும், அங்கேதான் எனக்கு உடன்பாடில்லை. சித்ரா பௌர்ணமி விடிகாலையில் அழகர் ஆற்றில் இறங்கும்போது கரையில் நின்று பாருங்கள். கண்ணில் தண்ணீர் வழிய நிற்பவர் ஒருவர். அப்பா நேர்ந்துகொண்டதை விடக்கூடாதென்று தோல்பையில் தண்ணீர் பீய்ச்சுபவர் ஒருவர். வருஷத்துக்கு ஒரு தடவை பழைய கூட்டாளிகளைப் பார்க்கலாம் என்று திருப்பூரிலிருந்து ராத்திரி பஸ் பிடித்து வந்தவர் ஒருவர். நீர்மோர்ப் பந்தலில் டம்ளர் நீட்டுகிறவர் இதில் நீ எந்த ரகம் என்று கேட்பதில்லை. நான் சாமி கும்பிடுவதில்லை. ஆனால் அதே பந்தலில் பதினாறு வருஷமாகப் பானகம் ஊற்றுகிறேன். பக்கத்தில் நின்று எலுமிச்சம்பழம் பிழிகிற என் நண்பர் பெரிய பக்தர். இரண்டு பேருக்கும் அன்று கை பிசுபிசுக்கும். அதற்கு மேல் நாங்கள் ஆராய்ந்ததில்லை.

அதற்காக நம்பிக்கை இல்லாமலே மறுபடி மாலை போட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்ல மாட்டேன். மாலை போடுவது விரதம் ஏற்பது, வாக்குக் கொடுப்பது மாதிரி. அதைப் பொய்யாகச் செய்தால் அவரைத்தான் ஏமாற்றுவீர்கள், நாற்பதாம் நாளுக்குள் உங்களுக்கே கசந்துவிடும். இன்னொன்றும் கேட்டுக்கொள்ளுங்கள். நிறுத்திய பிறகு அந்தக் கூட்டத்தைக் கேலி செய்தீர்களா? என்னிடம் வந்த ஒருவர், மாலையை விட்ட கையோடு பழைய வாட்ஸ்அப் குரூப்பில் பக்தர்களைக் கிண்டலடிக்கும் வீடியோவாகப் போட்டுக்கொண்டிருந்தார். நண்பர்கள் விலகியதும், கொள்கைக்காகத் தன்னை ஒதுக்கிவிட்டார்கள் என்று என்னிடம் வருத்தப்பட்டார். வீடியோக்களைப் பார்த்தேன். நானாக இருந்தாலும் விலகியிருப்பேன்.

சுபாவம் என்ற பேச்சே எனக்குக் கொஞ்சம் அலர்ஜி, அதன் காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். முப்பது வயதில் எனக்கு உசிலம்பட்டிப் பக்கம் ஒரு நண்பன் இருந்தான், மாப்ள என்றுதான் ஒருத்தரை ஒருத்தர் கூப்பிடுவோம். அவன் அப்பா இறந்துபோனார். தகவல் வந்த அன்றைக்கே நான் போயிருக்க வேண்டும், ஒரு மணி நேரப் பஸ்தான். போகவில்லை. கேத வீடு, கொட்டு, ஒப்பாரி, நூறு சொந்தக்காரர்கள், எனக்குக் கூட்டம் ஆகாது, என் சுபாவம் அவனுக்குத் தெரியும், சாவகாசமாகப் போய்த் தனியாக உட்கார்ந்து பேசினால்தான் அவனுக்கும் நல்லது என்று எனக்கு நானே வக்கீல் வைத்துக்கொண்டேன். அப்போது நான் புதிதாகப் படித்து முடித்தவன், இந்த மாதிரிச் சொற்களெல்லாம் கைவசம் நிறைய இருந்தன. பதினாறாம் நாள் கருமாதிக்குப் போனேன். வாசலில் பந்தலுக்குக் கீழே நின்று வந்தவர்களை வரவேற்றுக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்து, "வாங்க சார், சாப்பிட்டுட்டுத்தான் போகணும்" என்றான். திட்டியிருந்தால் பரவாயில்லை. சார் என்றான். எனக்குக் கூட்டம் ஆகாது என்பது இன்றைக்கும் உண்மைதான். அன்றைக்கு அந்த உண்மையை வாசலுக்குப் போடுகிற தாழ்ப்பாளாக்கிக்கொண்டேன். நீங்களும் இந்த இரண்டு வருஷத்தில் அவரைக் கூப்பிடாமல் விட்ட நாட்களுக்கு இப்போது கிடைத்திருக்கும் நாலெழுத்தைக் காரணம் காட்டத் தொடங்குகிறீர்களோ என்று ஒரு சந்தேகம், அவ்வளவுதான். தவறாக இருந்தால் மன்னியுங்கள்.

இடையில் ஒன்று. "முன்னெல்லாம் பிடித்த எதுவும் இப்போது பிடிக்கவில்லை" என்று ஒரு வரி போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். அந்த நண்பர் விஷயத்தில் மட்டும் அப்படி என்றால் அது வருத்தம். எல்லாவற்றிலும் அப்படி இருந்து, தூக்கமும் பசியும் கெட்டு, இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அதைச் சுபாவம் என்று நினைத்துப் பொறுத்துக்கொள்ளக் கூடாது. மனச்சோர்வு நோயாக இருக்கலாம், சிகிச்சை உண்டு. அரசு இராசாசி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. நேரில் போகத் தயக்கமாக இருந்தால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்கு எந்த நேரத்திலும் கட்டணமில்லாமல் போன் போட்டுப் பேசலாம். நண்பர் திரும்பி வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

உங்கள் கேள்விக்கு நேராக வருகிறேன். சுபாவத்தால் அவர் போனார் என்று நினைக்க நீங்கள் எழுதியதில் ஆதாரமில்லை. சேர்ந்திருக்கும் நேரம் நின்றுபோனது நிச்சயமான காரணம். சொன்ன வார்த்தை தப்பாகப் போய்ச் சேர்ந்திருக்கலாம் என்பது சாத்தியம். அவருக்கு இந்த இரண்டு வருஷத்தில் கல்யாணம், கடன், வீட்டில் நோய் என்று உங்களுக்குத் தெரியாத ஏதாவது வந்திருக்கலாம் என்பதும் சாத்தியம். போய்ப் பேசினால் பழையபடி ஆகிவிடுமா என்றால், ஆகாமலும் போகலாம். எனக்கு ஆகவில்லை. ஆனாலும் போங்கள். நேரம் தவறி வருவதைப் பெரிய குற்றமாக எடுத்துக்கொள்ளாத ஊர் இது. தங்கச்சி கல்யாணத்துக்குப் பிந்தி வந்துவிட்டு, கோபத்தில் ஊருக்குள் நுழையாமலே வண்டியூர்ப் பக்கம் திரும்புகிற அண்ணன் அழகருக்குத்தான் நாம் வருஷா வருஷம் விழா எடுக்கிறோம்.

மெசேஜ் வேண்டாம், நேரில் போங்கள். கடவுள் உண்டா இல்லையா என்ற பேச்சை எடுக்க வேண்டாம். கார்த்திகையில் அவர் கட்டு நிறைக்கும் நாளைத் தெரிந்துகொண்டு குருசாமி வீட்டுக்குப் போங்கள். மாலை போடாதவர்களும் இருமுடியில் ஒரு கை அரிசி போடுவார்கள், உங்களுக்குத் தெரியாததா. அன்னதானத்தில் இலை போடவோ, வேனில் பை ஏற்றவோ ஆள் குறைவாகத்தான் இருக்கும். முடிந்தால் தனியாகக் கிடைக்கும்போது ஒரே ஒரு வாக்கியம் சொல்லுங்கள்: "சாமி விஷயத்துலதான் நம்பிக்கை இல்லன்னேன், உன் மேல இல்லன்னு சொல்லல." சொல்ல வாய் வரவில்லை என்றால் பையைத் தூக்கிக் கொடுத்துவிட்டு வாருங்கள், அதுவும் போதும். அன்றைக்கு அவர் உங்களை "வாங்க சாமி" என்று கூப்பிட்டால் மனசு விட்டுவிடாதீர்கள். விரதத்தில் இருப்பவர் எல்லோரையும் அப்படித்தான் கூப்பிடுவார், அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. மலைக்குப் போய்வந்து மாலையைக் கழற்றிய பிறகு ஒரு சாயங்காலம் டீ சாப்பிடக் கூப்பிடுங்கள். அன்றைக்கு என்ன சொல்லி அழைக்கிறார் என்று கவனித்துவிட்டு, முடிந்தால் எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.